உப்புக்காற்றில் நிற்கும் கலை: இராமநாதபுரம் கடற்கரையைச் சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரைக்கு வருவோரில் பெரும்பாலோர் இரவு ரயிலில் இராமேசுவரம் இறங்கி, தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, பிற்பகலில் தனுஷ்கோடியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அன்றே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுடைய பக்தியில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளில் அவர்கள் கடந்து போகும் சுவர்களும் தூண்களும் பாலங்களும் இடிபாடுகளும் இந்த மாவட்டத்தின் முந்நூறு ஆண்டு வரலாற்றைத் தம்மேல் எழுதி வைத்திருக்கின்றன. அவற்றில் பலவும் காட்சிக்கூடத்திற்குள் அடைபடாமல் வெயிலிலும் உப்புக்காற்றிலும் திறந்தே நிற்கின்றன. இந்தக் கரையில் எதைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும் எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த வரிசையில் பார்ப்பது என்பதே முக்கியம் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த நான் உறுதியாக நம்புகிறேன். காற்றையும் வெயிலையும் கேட்டு நடப்பவருக்கு இந்தக் கரை தன்னைத் திறந்து காட்டும். அந்த முறையில் நான்கு நாட்களுக்கான வழியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்த மாவட்டத்திற்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணையை ஒட்டிய பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இடையில் மண்டபத்தின் நிலமுனையும் இராமேசுவரம் தீவும் நீண்டு கிடக்கின்றன. எங்கள் பக்கத்தில் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது குளம்போல் கிடக்கும், பின்னது அலையடித்து ஆர்ப்பரிக்கும் என்பது அந்தப் பெயர்களின் பொருள். ஆனால் அது ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று இறங்கும்போது, அமைதியானது என்று பெயர் வாங்கிய வடகடலே சீறத் தொடங்குகிறது. ஆகவே வந்து சேரும் மாதத்தில் எந்தக் கரை அடங்கியிருக்கிறது என்பதை முதலில் கேட்டறிந்து, படகுப் பயணத்தையும் கடற்கரை நடையையும் அந்தக் கரையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதன்முறை வருவோருக்குத் தை முதல் மாசி முடிய உள்ள நாட்களை நான் பரிந்துரைப்பேன். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, தனுஷ்கோடிப் பகுதியின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் வந்து இறங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் சாலையும் பாலமும் மூடப்படும்.

சித்திரை, வைகாசி மாதங்களின் வெயில் கடுமையானதுதான். ஆயினும் அந்த நாட்களில் வருவோருக்கென்று வேறெந்த மாதத்திலும் கிடைக்காத ஒரு காட்சி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளில் அப்போது படகுகள் கரையேற்றப்பட்டு, பலகை மாற்றி, ஓட்டை அடைத்து, புதிதாக வண்ணம் பூசப்படுகின்றன. படகின் முன்பகுதியான அணியத்தில் பெயர் எழுதுவதும், சிலுவையோ வேலோ பிறையோ அவரவர் நம்பிக்கைக்கேற்ப வரைவதும், பக்கவாட்டில் பட்டைக் கோடு இழுப்பதும் ஒரு தனிக் கைத்தொழில். மக்கள் கலை என்ற சொல்லுக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. துறைக்குள் செல்லுமுன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செல்லுங்கள். வேலை செய்பவரின் வெளிச்சத்தை மறைத்து நின்று படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தங்கும் ஊரும் சாலைகளும்

மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், தொண்டி பக்கமிருந்து கீழக்கரை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் இராமநாதபுரத்தில் சந்திக்கின்றன. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் வரைபடமே வேண்டியதில்லை. முதல் இரண்டு இரவுகள் இராமநாதபுரத்திலும் அடுத்த இரவு இராமேசுவரத்திலும் தங்குவது வசதி. கடைசி நாளில் வடகரை வழியாக வெளியேறலாம். பேருந்திலேயே பெரும்பாலான இடங்களுக்குப் போய்விட முடியும். ஆனால் தென்கரைக் கோயில்களையும் வடகரை அலையாத்திக் காட்டையும் அந்தந்த நாளுக்குள் நிதானமாகப் பார்க்க விரும்பினால் வாடகை வாகனம் தேவைப்படும்.

மூன்றாம் படி: இராமலிங்க விலாசத்தில் தொடங்குதல்

கடலைப் பார்க்கத் துடிக்கும் மனத்தைச் சற்று அடக்கி, முதல் நாள் காலையில் இராமநாதபுரம் அரண்மனை வளாகத்திலுள்ள இராமலிங்க விலாசத்திற்குச் செல்லுங்கள். இந்த வழிகாட்டியில் கூரைக்குக் கீழே இருக்கும் இடங்கள் குறைவு. அவற்றில் இது முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. பின்னால் பார்க்கப் போகும் கோயில் பிரகாரங்களையும் மண்டபங்களையும் சிலைகளையும் செய்வித்த சேதுபதி மன்னர்கள் தங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை இந்தச் சுவர்களைப் படித்தவர் மட்டுமே விளங்கிக்கொள்வார்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட கிழவன் சேதுபதி கட்டிய மாளிகை இது. உயர்ந்த மேடைமேல் எழுந்து, கனத்த தூண்களோடு நிற்கிறது. படிகளேறி உள்ளே நுழைந்ததும் கண்கள் இருளுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். அவசரப்படாமல் நில்லுங்கள். மெல்ல மெல்லச் சுவரிலிருந்தும் விதானத்திலிருந்தும் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் வெளிப்படத் தொடங்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்துவிஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள் அவை.

இவற்றைப் பார்க்க ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் எதையும் உற்றுப் பாராமல் மண்டபத்தை ஒருமுறை நடந்து முடியுங்கள். ஓவியங்கள் பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்டு, ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து செல்வது அப்போது புலப்படும். இரண்டாம் சுற்றில் புராணக் காட்சிகளைத் தேடுங்கள். இராமாயணமும் கண்ணன் கதையும் இங்கே விரிகின்றன. இராமன் கடலில் கட்டியதாகச் சொல்லப்படும் சேதுவுக்குக் காவலர் என்ற பட்டத்தைத் தாங்கிய அரசர்களின் மாளிகையில் இராமகாதை இடம்பெறுவது வெறும் அலங்காரம் என்று கடந்துவிடக் கூடாது. அது அவர்களுடைய அரசுரிமையின் ஆதாரம். அரசகுலத் தெய்வமான அன்னை இராஜராஜேசுவரி தம் கையாலேயே மன்னருக்குச் செங்கோல் வழங்கும் காட்சியைக் கண்டதும் அந்தத் தொடர்பு விளங்கும்.

மூன்றாம் சுற்றை உலகியல் காட்சிகளுக்கு ஒதுக்குங்கள். என் கருத்தில் இந்த மாளிகையின் தனிச்சிறப்பு அவைதான். தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜியோடு நடந்த போரில் படைகள் எதிரெதிரே மோதுகின்றன. இன்னொரு பக்கம் மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு இரத்தினங்களால் அபிஷேகம் செய்து பெருமைப்படுத்துகிறார். தொப்பியும் நீள் அங்கியும் அணிந்த ஐரோப்பியர்கள் மன்னரைச் சந்திக்க வருகிறார்கள். ஓவியர் அந்த வேற்று நாட்டவரின் உடையையும் நிற்கும் விதத்தையும் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்று பாருங்கள். முத்துக்கும் சங்குக்கும் துணிக்குமாக இந்தக் கரையைத் தேடி வந்தவர்கள் அவர்கள். கடல் இந்தச் சுவரில் ஓரிடத்திலும் பெரிதாகத் தீட்டப்படவில்லை என்றாலும், அந்தத் தொப்பிகளின் வழியாக அது மாளிகைக்குள் நுழைந்துவிட்டது.

பின்னறையில் மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட இராமர் பீடம் இருக்கிறது. மேல்மாடத்திலும் ஓவியங்கள் உண்டு. ஏற அனுமதிக்கும் நாளாக இருந்தால் தவறவிடாதீர்கள். மாளிகை தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இயங்குவதால் வார விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். சுவரில் கை வைக்கக் கூடாது என்பதை அறிவிப்புப் பலகைக்காக அன்றி ஓவியத்திற்காகவே கடைப்பிடியுங்கள். விரல் நுனியின் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. அருகிலுள்ள கடலின் காற்று முந்நூறு ஆண்டுகளாகச் செய்து வரும் சேதத்தோடு நாமும் சேர வேண்டியதில்லை.

நான்காம் படி: தென்கரையின் கற்கள்

மறுநாளைத் தென்பக்கத்திற்கு ஒதுக்குங்கள். விடிந்ததும் புறப்பட்டால் உச்சி வெயிலுக்குள் இரண்டு கோயில்களை முடித்துவிடலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் இந்த நேரக் கணக்கு முக்கியம்.

முதலில் உத்தரகோசமங்கை. மாணிக்கவாசகரோடு தொடர்புடைய இந்தத் தலத்தின் பழமையைச் சொல்ல, ‘மண் முந்தியோ மங்கை முந்தியோ’ என்ற வழக்கே போதும். மரகத நடராசர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருந்து, மார்கழித் திருவாதிரையையொட்டி மட்டுமே காப்புக் களைந்து காட்சி தருகிறது. அந்த நாளின் கூட்டத்தில் சிற்பம் பார்ப்பதென்பது இயலாத காரியம். ஆகவே சிற்பத்திற்காக வருவோர் வேறு நாளில் வர வேண்டும். இங்குள்ள யாளித் தூண்களில், வாய்க்குள் உருளும் கல்லுருண்டையோடு செதுக்கப்பட்டவற்றைத் தேடிப் பாருங்கள். உருண்டையை உள்ளே வைத்து வாயை மூடவில்லை. ஒரே கல்லில் பல்லையும் தாடையையும் விட்டு வைத்து, உள்ளே உளியைச் செலுத்தி, உருண்டையை அங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள். வெளியே வராது, ஆனால் உள்ளே சுழலும். குழந்தைகளோடு வருவோர் வேறெதையும் காட்டாவிட்டாலும் இதைக் காட்டிவிட வேண்டும்.

அங்கிருந்து திருப்புல்லாணி. ஆதிசெகந்நாதப் பெருமாள் கோயிலில் இராமபிரான் தர்ப்பைப் புல்லின்மேல் சயனித்திருக்கும் கோலம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. கடல் வழிவிடக் காத்திருந்த நாட்களின் களைப்பும் உறுதியும் அந்த ஒரு கிடப்பில் இருக்கின்றன. அதைப் பார்த்த கையோடு நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள சேதுக்கரைக்குச் சென்று கடலின் முன் நில்லுங்கள். கோயிலில் பார்த்த சிலை எதை நோக்கிக் காத்திருந்ததோ அதுவே உங்கள் எதிரில் விரிந்து கிடக்கும். சிற்பமும் நிலமும் இப்படி ஒன்றையொன்று விளக்குவதால்தான் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்கச் சொல்கிறேன்.

பிற்பகலில் கீழக்கரை. இந்த ஊரைச் சுற்றுலா ஏடுகள் போதிய அளவு பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்கு நீண்ட காலமாக உண்டு. முத்துக்குளிப்பாலும் கப்பல் வணிகத்தாலும் செழித்த இவ்வூர், கிழவன் சேதுபதியின் காலத்தில் வாழ்ந்து உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர். இங்குள்ள பழைய பள்ளிவாசல்களைக் கட்டியவர்கள், காலையில் நீங்கள் பார்த்த கோயில் மண்டபங்களின் கற்தச்சு மரபையே கைக்கொண்டிருக்கிறார்கள். தூணின் பிரிவுகளும், அதன் தலையில் உத்திரம் தாங்கும் போதிகையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் யாளியும் தெய்வமும் நிற்கும் இடங்களில் கொடியும் பூவும் கோலவடிவங்களும் மட்டுமே வருகின்றன. ஒரே கைத்திறன் இரண்டு வழிபாட்டு மரபுகளுக்குப் பணிந்து வேலை செய்த விதத்தைக் காலையிலும் மாலையிலுமாக ஒரே நாளில் காண்பது பெரும் பேறு. தொழுகை நேரங்களைத் தவிர்த்து, பள்ளிவாசலில் பொறுப்பிலிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அனுமதி கிடைக்கும் அளவுக்கு மட்டும் பார்க்க வேண்டும். அனுமதி இல்லையெனில் வெளித் தாழ்வாரத் தூண்களைத் தெருவிலிருந்து பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

நேரம் மீந்தால் ஏர்வாடி தர்காவுக்குச் செல்லலாம். சந்தனக்கூடு விழாக் காலமாக இருந்தால் அலங்கரித்த கூட்டின் ஊர்வலத்தைப் பார்க்க ஓர் இரவையே ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: பாம்பனைக் கடக்கும் முறை

மூன்றாம் நாள் காலை தீவுக்குப் புறப்படும்போது, போகும் வழியில் ரயிலிலும் திரும்பும் வழியில் சாலையிலுமாகப் பாம்பனைக் கடப்பது சிறந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியும் என்பதால் இரண்டு பாலங்களையும் அப்போதுதான் முழுமையாகப் பார்க்க முடியும்.

பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடும் அதன் தூக்குப் பகுதியைத் தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுழற்றித் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தபோது, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் அது மீட்கப்பட்டது. பின்னாளில் கொங்கண் ரயில்பாதையையும் தில்லி மெட்ரோவையும் உருவாக்கியவர் அவரேதான். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள இதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிவதில்லை. இருபுறமுள்ள கோபுரங்களுக்கிடையே கிடைமட்டமாகவே மேலே உயர்கிறது. சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது.

பாலத்தைப் பொதுவெளிக் கலை என்று சேர்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். நான் தயங்காமல் சேர்ப்பேன். உப்பு அரிக்கும் இந்த நீரில் இரும்பை நிறுத்தி வைப்பது ஒவ்வொரு நாளும் சுரண்டியும் வண்ணம் பூசியும் செய்யப்படும் காப்புப் பணி. சிற்பத்தையோ ஓவியத்தையோ காப்பதற்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று. சாலைப் பாலத்தின் உயர்ந்த நடுப்பகுதியிலிருந்து கீழே பார்த்தால், ஒருபுறம் பச்சை நீர், மறுபுறம் நீல நீர், பாம்பன் துறையில் நெருங்கி நிற்கும் படகுகள், அவற்றுக்கிடையே நேர்கோடாக ஓடும் ரயில் பாதை என எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்துவது ஆபத்து. காற்று ஆளையே தள்ளும். ஆகவே பாம்பன் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடைமேடை வழியாக நடந்து வாருங்கள். தொப்பியையும் கைப்பேசியையும் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள்.

பாம்பனிலிருந்து தெற்கே திரும்பினால் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் இலங்கையிலிருந்து திரும்பித் தரையிறங்கிய இடம் இது. அவரைப் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். இப்போது அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. தென்கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் வனத்துறை இங்கிருந்து குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் குருசடையும் ஒன்று. பவளப்பாறை உயிருள்ளது என்பதைப் படகிலிருந்து காண்பவர், கடைவீதியில் பவளத் துண்டு விற்க வந்தால் வாங்க மாட்டார். அது சட்டப்படியும் குற்றம்.

ஆறாம் படி: இராமேசுவரம் தீவுக்குள்

பேக்கரும்பில் அப்துல் கலாம் தேசிய நினைவகம் சாலையோரத்திலேயே இருக்கிறது. 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் நுழைவாயில் இந்தியா கேட்டையும், குவிமாடம் குடியரசுத் தலைவர் மாளிகையையும் நினைவூட்டுமாறு அமைக்கப்பட்டுள்ளன. உள்ளே ஓவியங்களும் சிலைகளும், தோட்டத்தில் ஏவுகணை மாதிரியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து அந்த ஏவுகணையின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதைக் காணும்போது, இந்த ஊர்ச் சிறுவன் ஒருவனின் வாழ்க்கை அவர்களுக்கு எட்டக்கூடியதாகத் தோன்றுகிறதே என்ற மகிழ்ச்சி எனக்கு ஒவ்வொரு முறையும் உண்டாகிறது. தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் உண்டு. கடலுக்குள் நீளும் சிறு பாலத்தின் முடிவில் உள்ள ஊற்றிலிருந்து இறைத்துக் குடித்துப் பாருங்கள். சுற்றிலும் கடல்நீர் இருக்க, கிணற்று நீர் இனிக்கும்.

இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி நிறைவு செய்த இந்தப் பிரகாரத்தில் 1212 தூண்கள் இருக்கின்றன. வெளிப்புற அளவில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடியும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 435 அடியும் நீள்கிறது. எண்ணிக்கை யாரையும் வியக்க வைக்கும். ஆனால் பார்வையாளர் செய்யும் பிழை, தூண்களை எண்ணத் தொடங்குவதே. ஒரு மூலையில், இருபுறத்து மேடைகளுக்கு நடுவே சரியாக நடுக்கோட்டில் நின்று நேரே நோக்குங்கள். தூண் வரிசைகள் இரண்டும் நெருங்கி நெருங்கித் தொலைவில் ஒரு புள்ளியாகும். பிறகு இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். அந்த ஒழுங்கு முழுவதும் கலைந்து, வேறொரு ஒழுங்காக மாறும். நடப்பவரின் கண்ணுக்கென்றே வடிக்கப்பட்ட கட்டடம் இது. வலம் வருவதற்கான பாதை என்பதால் அதன் அழகும் நடையில்தான் இருக்கிறது.

மேற்குப் பக்கம் வரும்போது இரண்டு இடங்களில் நில்லுங்கள். ஒன்று, முத்துராமலிங்க சேதுபதியும் அவருடைய அமைச்சர் இருவரும் கைகூப்பி நிற்கும் சிலைகள். இராமலிங்க விலாசத்தில் செங்கோல் வாங்கிய மரபு, இங்கே வாசலோரத்தில் பணிந்து நிற்பதைக் காணலாம். மற்றொன்று சொக்கட்டான் மண்டபம். மேற்குக் கோபுர வழியும் பிரகாரமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், சொக்கட்டான் ஆடும் துணியின் வடிவில் அமைந்திருப்பதால் மக்கள் அதற்கு இட்ட பெயர் அது. வசந்த விழாவில் உற்சவத் திருமேனிகளை அலங்கரித்து வைக்கும் இடமும் அதுவே. கிழக்கே சுதையால் எழுப்பிய பெரிய நந்தி இருக்கிறது.

கோயிலுக்குள் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதியில்லை. சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நூறு படங்கள் எடுப்பதைவிட, ஒரு தூணை வரைந்து பார்ப்பது அதிகம் நினைவில் நிற்கும். தீர்த்தமாடிய ஈரத் துணியோடு பிரகாரத்தில் நடப்போர் எப்போதும் இருப்பதால் தரை வழுக்கும். முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். கூட்டம் ஏறுமுன், விடியலில் செல்வதே பிரகாரம் பார்க்க ஏற்ற நேரம்.

அன்று மாலை கெந்தமாதன பர்வதத்தின் இராமர் பாத மண்டபத்திற்கு ஏறுங்கள். தீவின் மிக உயர்ந்த இடம் அது. தென்னையும் உடைமரமும் கோபுரமும் கடலுமாகத் தீவின் முழு உருவத்தை அங்கிருந்து ஒரே பார்வையில் காணலாம்.

ஏழாம் படி: தனுஷ்கோடி

நான்காம் நாள் விடியலில் புறப்படுங்கள். மாலைக்குப் பின் அங்கே யாரையும் இருக்க விடுவதில்லை என்பதாலும், பிற்பகலில் வாகனங்கள் நெருக்குவதாலும் காலையே ஏற்றது. வழியில் கோதண்டராமர் கோயில் உண்டு. வீடணனுக்கு முடிசூட்டிய இடம் என்று போற்றப்படும் இந்தக் கோயிலின் சுவர்களில் அந்தக் கதை ஓவியமாக இருக்கிறது. 1964 புயலைத் தாங்கி நின்ற கோயில் இது. சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் குளிர்காலத்தில் பூநாரைகளைக் காணலாம். 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாலையிலிருந்து இறங்கி அவற்றை நோக்கி நடக்காதீர்கள். ஒன்று பறந்தால் கூட்டமே இரையை விட்டு எழுந்துவிடும்.

பிறகு இடிபாடுகள். 1914 முதல், சென்னையிலிருந்து ரயிலில் வருவோர் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு சென்றார்கள். ரயில் நிலையம், தேவாலயம், அஞ்சலகம், பள்ளிக்கூடம் எனக் கலகலப்பாக இருந்த துறைமுக ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலும் கடலும் ஊரைக் கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி ரயிலும் அதிலிருந்தோரோடு மூழ்கியது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அந்த இரவைக் கண்டு பிழைத்த முதியவர்களின் வாயிலிருந்து நேரே கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்கள் வீடுகளில் மார்கழி வாடை பலமாக வீசும் இரவுகளில் இன்றும் பேச்சு அங்கேதான் போகும்.

தேவாலயத்தின் சுவர்களை அருகில் சென்று பாருங்கள். செங்கல்லுக்குப் பதிலாகப் பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கல்லின் முகத்தில் தேன்கூடு போன்ற நுண்ணிய அமைப்பு தெரியும். கடலிலிருந்து எடுத்த கல், கடலுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. கூரையில்லாத பலிபீடப் பகுதியின் வளைவு வழியாக வானம் தெரியும். அங்கே சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். ஒருமுறை நான் சென்றபோது ஓர் இளைஞர் அந்தக் கல்லில் சாவியால் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தார். “தம்பி, இது சாவு நடந்த வீடு” என்றேன். கையை எடுத்துவிட்டு, நீண்ட நேரம் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாமல்தான் செய்தார். ஆகவே உங்களோடு வரும் பிள்ளைகளுக்கு வண்டியிலிருந்து இறங்குமுன்பே கதையைச் சொல்லிவிடுங்கள்.

இடிபாடுகளுக்கு இடையே இன்றும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. சங்கும் சிப்பியும் கோத்து விற்கும் பெண்களிடம் வாங்கலாம். அவர்கள் மணலைக் கையால் தோண்டி எடுக்கும் ஊற்று நீர் உப்பில்லாமல் இருக்கும். குடிசைகளைக் காட்சிப்பொருளாகப் படம் எடுக்க வேண்டாம்.

சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. நான்முகச் சிங்கத் தூண் ஒன்று அங்கே நாட்டின் எல்லையைக் குறித்து நிற்கிறது. அதன் இருபுறமும் இரண்டு கடல்களும் வந்து சேர்கின்றன. இந்த மணல்முனைதான் கரையிலுள்ள எல்லாவற்றிலும் இளைய சிற்பம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கச்சான் ஒரு பக்கம் தள்ள, வாடை மறுபக்கம் தள்ள, ஆண்டுதோறும் அதன் உருவம் மாறுகிறது. நீரோட்டம் மிகக் கொடியது. முழங்காலளவு நீரில்கூட இறங்க வேண்டாம்.

எட்டாம் படி: வடகரை வழியாக வெளியேறுதல்

திரும்பும் வழியில் உச்சிப்புளி அருகே அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழலில் இளைப்பாறலாம். பாக் விரிகுடா அடங்கியிருக்கும் மாதங்களில் குழந்தைகள் கால் நனைக்க இந்த மாவட்டத்தில் எனக்கு நம்பிக்கையான கரை இதுதான். பிறகு தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களும் நவக்கிரகங்கள் என வழிபடப்படுகின்றன. நீர் இறங்கும் வேளையில் கற்களின் அடிவரை தெரியும், ஏறும் வேளையில் தலை மட்டும் தெரியும். எந்த வேளையில் பார்க்கிறீர்களோ அதற்கேற்ப அது வேறொரு சிற்பம்.

வடக்கே தொடர்ந்தால் உப்பூர். வெயிலுகந்த விநாயகர் கூரையில்லாமல் வெயிலை விரும்பி ஏற்று அமர்ந்திருக்கிறார். அதற்கும் வடக்கே, தொண்டிக்குச் சற்று முன்னால் காரங்காடு. அங்கே வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. வாடை வீசும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். வேர்கள் நீருக்கு மேல் விரல் நீட்டி நிற்கும் அந்த ஓடைகளில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் சென்றால், வெயில் இலைகளுக்கு ஊடாகச் சாய்ந்து விழும், பறவைகளும் அடையத் திரும்பும். ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துத் தருகிறார்கள். படகேறுமுன் சொல்லிவைத்தால்தான் திரும்பி வரும்போது சூடாகக் கிடைக்கும்.